பாலம் கடக்க முடியாத டிரைவருக்குக் கர்த்தர் தந்த பதில்

பிரியமானவர்களே, இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. காய்ச்சலில் கிடந்தேன், தேறினேன் என்றால் சட்டென்று சொல்லிவிடலாம். எனக்கு வந்தது பயம். வண்டி ஓட்டிப் பிழைக்கிறவனுக்குப் பாலத்தைக் கண்டால் பயம்.

என் பெயர் சாலமோன். செவிலிமேட்டில் இருக்கிறேன். காஞ்சிபுரத்துக்குக் கோயில் பார்க்கவும் கல்யாணப் பட்டு எடுக்கவும் வருகிற குடும்பங்களை என் வேனில் கூட்டிக்கொண்டு போவதுதான் என் தொழில். எந்தக் கோயிலில் எப்போது நடை சாத்துவார்கள் என்று என்னைக் கேட்டாலே சொல்லிவிடுவேன்.

போன வருடம், மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு பாலாற்றுப் பாலத்தில் போகும்போது பிரேக் பிடிக்கவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பக்கச் சுவரில் உரசி எப்படியோ நிறுத்தினேன். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அந்த வாரமே வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணி போட்டோம்.

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. பிரேக்கையெல்லாம் மாற்றி, வண்டி நன்றாக ஓடத் தொடங்கியபின் ஒரு நாள் அதே பாலத்தை நெருங்கினேன். நெஞ்சை யாரோ பிடித்து அமுக்குகிற மாதிரி இருந்தது. உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. காது அடைத்துக்கொண்டது. சாகப் போகிறேன் என்றே நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். டாக்டர் சொன்னார்: "ஹார்ட் நல்லா இருக்குதுபா. இது பதட்டம். ஒரு சைக்காலஜிஸ்டைப் போய்ப் பாரு." எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன பைத்தியமா?

ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிற சவாரிகளை எடுப்பதையே விட்டுவிட்டேன். என் மாமியார் வீடும் அந்தப் பக்கம்தான். என் மனைவி ரூத்தும் மகளும் பஸ்ஸில் போவார்கள். நான் வீட்டிலேயே இருந்துவிடுவேன். உபவாசம் இருந்தேன். முழங்காலில் நின்று அழுதேன். "ஆண்டவரே, இந்தப் பயத்தை எடுத்துப்போடும்." போகவில்லை. "விசுவாசம் முழுசா இருந்தா பயம் எப்படிபா நிக்கும்?" என்று சபையில் ஒருவர் கேட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் பயத்தைவிட அந்தக் கேள்விதான் என்னை நொறுக்கியது.

ஒரு காலை, சவாரிக்குக் கிளம்பும் முன் வேனிலேயே உட்கார்ந்து வேறு மாதிரி ஜெபித்தேன். "எப்படி எடுப்பீரோ எனக்குத் தெரியாது. நீர் யாரை அனுப்பினாலும் கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான் சொன்னேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அன்று வேலூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். ஊருக்குள் இருக்கிற கோயில்கள் மட்டும் என்றுதான் பேச்சு. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டதால் திருமுக்கூடல் கோயிலையும் பார்த்துவிடலாம் என்றார்கள். அங்கே போக ஆற்றைத் தாண்ட வேண்டும். மறுக்க வாய் வரவில்லை. பாலத்துக்குச் சற்று முன்னால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன். நிறுத்திய பிறகும் ஸ்டியரிங்கை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

முன் சீட்டில் இருந்தவர் வசந்தா டீச்சர், அந்த வீட்டுப் பெரியவர். என் கையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இன்னா தம்பி, நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குதா?"

"ஆமாம்மா."

"பாலத்தைப் பார்த்தா?"

நான் தலையை ஆட்டினேன்.

"எனக்கு லிஃப்ட். எங்க பையன் வீடு அஞ்சாவது மாடி. மாடிப்படியில ஏறிக்கினே இருந்தேன், முட்டி தேஞ்சதுதான் மிச்சம்" என்று சிரித்தார். "சைக்காலஜிஸ்ட்கிட்ட போனேன். இப்போ லிஃப்ட்லதான் போறேன்."

வண்டியை அவர் மகன் அக்கரைக்கு ஓட்டிவந்தார். மற்றவர்கள் சாமி பார்க்கப் போனபோது டீச்சர் என்னோடு மர நிழலில் நின்று எல்லாம் சொன்னார்.

"மொதல்ல இன்னா படிச்சிருக்காங்க, கவர்மெண்ட் பதிவு இருக்குதான்னு கேளு. கேட்டா கோச்சிக்கிறவங்ககிட்ட போவாதே. உடனே சரி பண்ணிடுவேன்னு சொல்றவங்ககிட்டயும் போவாதே. மாத்திரை எழுதறவங்க மனநல டாக்டர். சைக்காலஜிஸ்ட் பேசித்தான் பழக்குவாங்க. தேவைப்பட்டா அவங்களே டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. ஃபீஸ் எவ்ளோ, எவ்ளோ நேரம் பேசுவாங்க, எல்லாத்தையும் போன்லயே கேட்டுடு."

என் பெரிய சந்தேகத்தைக் கேட்டேன். "நான் கிறிஸ்டியன்மா. ஜெபம் பண்ணாதேன்னு சொல்லிடுவாங்களா?"

"சொன்னா எழுந்து வந்துடு. ஆனா சொல்லமாட்டாங்க. நான் முருகனைக் கும்பிட்டுக்கினுதான் போனேன்."

காலையில் நான் கேட்டதற்குப் பதில், ஒரு முருக பக்தையின் வாயிலிருந்து வந்தது. கர்த்தருக்கு வழிகளா இல்லை? எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மனம்விட்டுச் சிரித்தேன்.

சைக்காலஜிஸ்டைப் பார்க்கப் போவதாகப் போதகரிடம் பயந்துகொண்டே சொன்னேன். அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, "என் தங்கச்சியை நானே கூட்டிக்கினு போயிருக்கேன், சாலமோன். சபையில சொல்லல. சொல்லியிருக்கணும்" என்றார்.

முதலில் போன் செய்த இடத்தில், மூன்று நாளில் போய்விடும், கேரண்டி என்றார்கள். படிப்பைக் கேட்டேன். அதெல்லாம் உனக்கெதற்கு என்றார்கள். ஸ்தோத்திரம் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுத்து கோமதி மேடம். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு பட்டுப் புடவைக் கடைக்கு மேல்மாடியில் அவர் அறை.

கட்டிலில் படுக்க வைப்பார்கள் என்று நினைத்துப் போனேன். இரண்டு நாற்காலிதான் இருந்தது. அவர் முதலில் சொன்னது இதுதான்: "நீங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது. உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும், காப்பாத்தறதுக்கு வேண்டியவங்ககிட்ட சொல்லுவேன்."

அன்று முழுக்கக் கேள்விகள்தான். தூக்கம், சாப்பாடு, வீடு, அந்த பிரேக். வெளியே வந்தபோது எனக்கு ஏமாற்றம். "இவ்வளவுதானா?" என்று ரூத்திடம் புலம்பினேன். அவள் தையல்காரி. "அளவு எடுக்காமயே ஜாக்கெட் தெப்பாங்களா? போய்க்கினு இருங்க" என்றாள்.

பிறகு வீட்டுப்பாடம் வந்தது. பாலத்துக்குப் பக்கத்தில் நின்று, பயம் தானாகத் தணிகிறவரை அங்கேயே இருக்க வேண்டும். அடுத்து ரூத்தோடு நடக்க வேண்டும். அதற்கடுத்து பைக். இடையில் ஒரு வாரம் ரொம்ப மோசமாக இருந்தது. ஒத்துவரவில்லை என்று தோன்றினால் மறைக்காமல் சொல்லுங்கள் என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. "நல்லதாப் போச்சு, சொன்னீங்க. இன்னும் மெதுவா போவலாம்" என்றார்.

ஒரு நாள் அவரே கேட்டார்: "பாலத்துல நிக்கும்போது இன்னா ஜெபம் பண்றீங்க?"

"பயத்தை எடுத்துடும்னு."

"அது போற வரைக்கும் காத்துக்கினு நிக்கறீங்க, இல்ல?"

வீட்டுக்கு வரும்வரை அதையே யோசித்தேன். அன்றிலிருந்து, "பயத்தோடேயே போகிறேன் ஆண்டவரே, கூட வாரும்" என்று ஜெபித்தேன்.

ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில். ரூத்தையும் மகளையும் வேனில் ஏற்றினேன். மாமியாருக்குக்கூடச் சொல்லவில்லை. பாலத்தில் ஏறியதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அடிக்கட்டும் என்று விட்டேன். மகள் பின்னாலிருந்து, "அப்பா, இன்னும் ஸ்பீடா போ" என்றாள். அக்கரை வந்தது. இறங்கி, சாலையோரத்தில் நுங்கு வாங்கித் தின்றோம். ரூத் அழுதுகொண்டே தின்றாள். நுங்கு விற்ற அம்மா, "இன்னாமா ஆச்சு?" என்று பதறிப்போனார். "சந்தோஷம்மா" என்றாள்.

பயம் இன்னும் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. வந்தாலும் வண்டி நிற்பதில்லை. இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கச் சவாரிகளைத்தான் ஆசையாக எடுக்கிறேன்.

இதைக் கேட்கிற உங்களில் யாராவது வெளியே சொல்ல முடியாமல் தவித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் விசுவாசம் குறைந்துபோய்விடவில்லை. ஜெபியுங்கள், கேட்க வேண்டியதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நானே வேனில் கூட்டிக்கொண்டு போகிறேன். நீங்கள் உள்ளே பேசிக்கொண்டிருங்கள். நீங்கள் வெளியே வரும்வரை நான் மாடிப்படியில் உட்கார்ந்து உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருப்பேன்.