மல்லேஷத்தின் சிநேகிதர்

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டையரான ஜோசியாவை ஊரில் பெரும்பாலானவர்கள் எம்.பி. மல்லேஷத்தின் சிநேகிதர் என்றுதான் சொல்வார்கள். சர்ச்சுக்குப் புதிதாக யாராவது வந்தால் பாஸ்டரே அப்படித்தான் அறிமுகம் செய்துவைப்பார். ஜோசியா கூச்சப்படுவதுபோல் தலையைக் குனிந்துகொள்வார். உள்ளுக்குள் இனிக்கும்.

ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே ஷெட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள். எழுபத்துநாலு ரயில்வே ஸ்டிரைக்கில் ஜோசியாவுக்கு வேலை போனது. அவரைத் திரும்பச் சேர்க்கும்வரை மல்லேஷம் ஒவ்வொரு ஆபீஸ் வாசலாக ஏறி இறங்கினார். மல்லேஷம் கிராமத்தில் தெலுங்கு மீடியத்தில் படித்தவர். ஜோசியா செகந்திராபாத் மிஷன் ஸ்கூல். அதனால் யூனியன் மனுக்களில் மல்லேஷத்தின் இங்கிலீஷை அவர் திருத்திக் கொடுத்ததுண்டு. அதுவும் ஒரு வருஷமோ, ஒன்றரை வருஷமோ. அதற்குள் மல்லேஷம் பேப்பர் படித்துப் படித்து, எழுதவும் பேசவும் தானே பழகிக்கொண்டுவிட்டார். பிறகு யூனியன் தலைவர், பிறகு எம்.பி.

அந்த வருஷம் தேர்தல் முடிந்து புது லோக்சபா கூடப்போகிற நேரம். சபாநாயகர் பதவிக்கு ஆளும் கூட்டணி மல்லேஷத்தின் பெயரை முன்மொழியப்போகிறது என்று பேப்பரில் வந்தது. ஜோசியா தெருவெல்லாம் லட்டு கொடுத்தார். மறுநாள் காலை ஒரு நியூஸ் சேனலிலிருந்து மைக்கோடு ஒரு பெண்ணும், கேமராவோடு ஒருத்தனும் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

ஜோசியா அயர்ன் பண்ணின சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்டிரைக்கைப் பற்றிச் சொன்னார், லத்தியடியைச் சொன்னார், ஜெயிலில் மல்லேஷம் மற்றவர்களுக்குப் பாட்டுப் பாடியதைச் சொன்னார். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே செல்போனைப் பார்த்தாள். கேமராக்காரன் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். அவ்வளவுதானா, இவர்கள் எழுந்து போய்விடுவார்களா என்று ஜோசியாவுக்குப் பதைப்பாக இருந்தது.

"இன்னொரு விஷயம் யாருக்கும் தெரியாதும்மா," என்றார். "மல்லேஷத்துக்கு இங்கிலீஷ்ல ஒரு வரி எழுத வராது. எல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன்."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "இப்பவுமா அங்கிள்?"

"இப்பவும்தான். ஏதாவதுன்னா எனக்குத்தான் போன் பண்ணுவான்."

டீ கொண்டு வந்த மனைவி மெட்டில்டா கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

சாயங்காலம் டிவியில் ஸ்டிரைக்கும் இல்லை, ஜெயிலும் இல்லை. அந்தப் பேச்சு மட்டும்தான் திரும்பத் திரும்ப வந்தது. கீழே சிவப்புப் பட்டையில், 'இங்கிலீஷ் தெரியாதவர் சபாநாயகரா?' கோட்டுப் போட்ட நாலு பேர் உட்கார்ந்து வாதம் செய்தார்கள். அவர்களில் ஒருவர் மல்லேஷம் மாதிரி பேசிக் காட்டினார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் பிளெசி, வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றவில்லை.

"வொய் டாடி? ஏன் அப்படிச் சொன்னீங்க? ஆபீஸ்ல எல்லாரும் அந்த கிளிப்பைப் பாத்துச் சிரிக்கிறாங்க. உங்கள இல்ல. மல்லேஷம் அங்கிளை."

ஜோசியா ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை அணைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். "டிவிக்காரனுங்க வெட்டி ஒட்டியிருப்பாங்க. உங்களைத் தெரியாதா எங்களுக்கு?" ஜோசியா முதலில் சும்மா நின்றார். இரண்டாவது ஆள் சொன்னபோது தலையாட்டினார். அப்புறம் அவரே, "ஆமா, வெட்டிட்டாங்க," என்று சொல்லத் தொடங்கிவிட்டார். சொல்லச் சொல்ல நாக்கு கசந்தது. மெட்டில்டா மட்டும் அந்தப் பேச்சில் சேரவில்லை.

அடுத்த சில நாளில் கூட்டணி வேறொருவரை நிறுத்தியது. ஜோசியா சொன்னதால்தான் என்று யாரும் சொல்லவில்லை. டில்லியில் ஆயிரம் கணக்கு இருக்கும். ஆனால் ஜோசியா அந்தச் சமாதானத்தை நம்பவில்லை. சபாநாயகர் தேர்வன்று டிவி முன்னால் உட்கார்ந்தார். ஒரு தலைவர் அந்த வேறொருவரின் பெயரை முன்மொழிந்தார். வழிமொழிய எழுந்தது மல்லேஷம். கையில் காகிதம் இல்லை. நிதானமான இங்கிலீஷில், சுத்தமாகப் பேசினார். சபை மேஜையைத் தட்டியது. ஜோசியாவால் மெட்டில்டாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"போன்ல பேசாதீங்க," என்றாள் அவள். "நேர்ல போய்ட்டு வாங்க."

மல்லேஷம் ஊருக்கு வந்ததும் ஜோசியா பஸ் பிடித்துத் தார்நாக்காவில் இருந்த அவர் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் ஒரே வாக்கியம்: நான்தான் சொன்னேன், என்னை மன்னிச்சுடு. ஹாலில் கட்சிக்காரர்கள் கூட்டம். மல்லேஷம் அவரைப் பார்த்ததும் எல்லோரையும் அனுப்பிவிட்டு, உள்ளறைக்குக் கூட்டிப் போனார்.

"கைக்கு ரே, ஜோசியா?" என்றார் மெதுவாக, ஷெட்டில் பேசிப் பழகின உருதுவில். கோபம் இல்லை. ஏண்டா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பஸ்ஸில் அத்தனை தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம் எங்கே போனதென்று ஜோசியாவுக்குத் தெரியவில்லை. மல்லேஷம் காத்திருந்தார். பிறகு, தவிக்கிறவனுக்குக் கை கொடுப்பதுபோல, அவரே கேட்டார்:

"டிவிக்காரங்க வெட்டிட்டாங்களா?"

"ஹவ்," என்றார் ஜோசியா. "ஆமா. வெட்டிட்டாங்க."

மல்லேஷம் ஒரு கணம் அவரைப் பார்த்தார். "சரி, விடு. பிளெசிக்கு மாப்பிள்ளை பாக்கறேன்னியே, என்ன ஆச்சு?"

தான் சொன்னது பொய்யென்று மல்லேஷத்துக்குத் தெரியும் என்பது ஜோசியாவுக்குப் புரிந்தது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

டிசம்பரில் பிளெசிக்குக் கல்யாணம். மல்லேஷம் மனைவியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். இவர் எப்படிப் பழக்கம் என்று சம்பந்தி வீட்டார் கேட்டபோது, ஜோசியாவின் தோளில் கை போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எனக்கு முதன்முதல்ல இங்கிலீஷ் திருத்திக் கொடுத்தவன் இவன்தான்."

எல்லோரும் ஜோசியாவை மரியாதையோடு பார்த்தார்கள். பிரியாணி பத்துமா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அவர் பின்பக்கம் நடந்தார். சமையல்காரர்கள் நடுவில், யாருக்கும் உதவியில்லாமல், மல்லேஷத்தின் கார் கிளம்புகிற சத்தம் கேட்கும்வரை நின்றுகொண்டிருந்தார்.