பாதி கிளாஸ்

அந்த அறையில் யார் பேசிக்கொண்டிருந்தாலும் மின்சார ரயில் வந்தால் நிறுத்திவிட வேண்டும். தண்டவாளம் அவ்வளவு பக்கம். ரயில் கடந்து போகும்வரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்போம். சாயங்கால வெயிலில் ஜன்னல் கம்பிகளின் நிழல் எதிர்ச்சுவரில் மெல்ல அதிரும், பிறகு அடங்கும். அங்கே பேசியதில் பாதி மறந்துவிட்டது. அந்தப் பேசாத நிமிடங்கள்தான் இப்போதும் நினைவுக்கு வருகின்றன.

ஆவடியில் ஒரு சர்ச் வளாகத்துக்குள், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடக்கும் அறை அது. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலத்தில் எங்களுக்கு. குடியை விட நினைக்கிறவர்கள் வட்டமாக உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்லலாம். மதமும் வேலையும் யாரும் கேட்பதில்லை. வெளி கேட்டில் அதைப் பற்றி ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். வேலை முடிந்து மதுக்கடைக்குப் போகும் வழியில் பல தடவை அதைப் படித்திருக்கிறேன். ‘பாவம், யாரோ குடிகாரர்களுக்கு’ என்று நினைத்துக்கொண்டு வண்டியை முறுக்குவேன்.

என்னை உள்ளே போக வைத்தது என் பேத்தி. அப்போது அவள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர வேண்டிய என் மகள் வரவில்லை. அப்பா இருக்கிற வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என் மனைவிதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முகப்பேரில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனாள். முத்தாபுதுப்பேட்டை வீட்டில் நானும் டிவியும் மிச்சம். குழந்தையைப் பார்க்கப் போன அன்று சத்தியமாக நான் குடித்திருக்கவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கையை நீட்டினேன். மகள் குழந்தையை மார்போடு அணைத்தபடி ஓரடி பின்னால் போனாள்.

“வேணாம்பா. உங்க கையைப் பாருங்க.”

பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. குடிக்காத நாளில்தான் அது அதிகமாக நடுங்கும். அதை அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?

டாக்டரிடம் போனேன். மாத்திரை எழுதிக் கொடுத்தவர், பேச நாலு பேர் வேண்டும், அதையும் தேடிக்கொள் என்றார். தேட வேண்டியதே இல்லை, எனக்கு அந்தக் காகிதம் மனப்பாடம். அடுத்த செவ்வாய்க்கிழமை கேட்டைத் தாண்டி உள்ளே போனேன்.

முன்பு ஆட்டோ ஓட்டிய ஒருவர், குடியை விட்டுப் பல வருடங்கள் ஆனவர், பிளாஸ்கிலிருந்து எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டே வந்தார். மற்றவர்களுக்குக் கிளாஸ் நிறைய. எனக்கு மட்டும் பாதி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“ஏன், புதுசா வந்தவனுக்குப் பாதிதானா?” என்று கேட்டே விட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“கோச்சுக்காத அண்ணாத்தே. கை ஆடிக்கினு கீது பாரு. ரொப்பிக் குடுத்தா மேல கொட்டிக்குவ, சுட்டுரும். நானும் இங்க பாதி கிளாஸ்லதான் ஆரம்பிச்சேன். நீ குடி, மீதிய அப்பால ஊத்தறேன்.”

அப்போது ஒரு ரயில் வந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்தச் சத்தத்துக்குள் என் மகளின் சமையலறை தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்தே அவள் எனக்குக் காப்பியைப் பாதி டம்ளர்தான் கொடுப்பாள். “இந்த வீட்டுல பாலுக்குப் பஞ்சமா?” என்று மாப்பிள்ளை காதில் விழும்படி கேட்டிருக்கிறேன். அவள் பதில் சொன்னதே இல்லை. குடித்து முடித்ததும் மீதியை ஊற்றிவிட்டுப் போவாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியிருக்கிறாள், நான் அவளைத் திட்டியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ரயில் இன்னும் இரண்டு பெட்டி நீளமாக இருக்கக் கூடாதா என்றிருந்தது.

அதற்குப் பிறகான மாதங்கள் பனிக்குள் வண்டி ஓட்டியது மாதிரிதான் ஞாபகம் இருக்கின்றன. செவ்வாய், வெள்ளி, மறுபடி செவ்வாய். தூங்குமூஞ்சி மரத்தின் பூக்கள் வண்டி சீட்டில் கிடக்கும். நடுவில் ஒருமுறை சறுக்கி, மறுபடி குடித்தேன். இரண்டு வாரம் கழித்துத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினேன். ஆட்டோக்காரர் பிளாஸ்கைத் திறந்தார். மறுபடி பாதி கிளாஸ்.

பிறகு ஒரு மழை நாள். ஜன்னலில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ தன் அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே குடித்து முடித்தேன். கிளாஸைக் கீழே வைக்கும்போதுதான் உறைத்தது, டீ வழக்கத்தை விட அதிக நேரம் வந்திருக்கிறது, கிளாஸ் நிறைய ஊற்றியிருக்கிறார். நிமிர்ந்தேன். ஆட்டோக்காரர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முகப்பேருக்குப் போனேன். மகள் வழக்கம்போல் பாதி டம்ளர் காப்பி கொண்டுவந்தாள்.

“நிறைய ஊத்தும்மா,” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையை. உள்ளே போய்ப் பாத்திரத்தோடு வந்து, விளிம்புவரை ஊற்றினாள். எடுத்துக் குடித்தேன். சட்டையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. கடைசி வாய்வரை அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு பேத்தியைத் தூக்கி வந்து என் கையில் கொடுத்தாள். குழந்தை நான் நினைத்ததை விடக் கனமாக இருந்தாள். கொஞ்ச நேரம் மகள் தன் கையையும் அடியில் கொடுத்திருந்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு, தன் காப்பி ஆறிவிடும் என்று உள்ளே போய்விட்டாள்.