கோபுர முத்திரை போட்ட சீட்டு

சிங்கப்பூரில் ஒரு வண்டி எங்காவது இடித்துக்கொண்டு நின்றால், பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது அதன் நம்பரைத்தான். புல் வெட்டும் வேலைக்கு எங்களை ஏற்றிப்போகும் லாரி ஒருநாள் மரத்தில் மோதியது. யாருக்கும் அடியில்லை. ஒரு சீனப் பெரியவர் ஓடிவந்து நம்பர் பிளேட்டைப் பார்த்து உள்ளங்கையில் எழுதினார். போலீசுக்குச் சொல்லப் போகிறார் என்று பயந்து, "சாரி அங்கிள், சாரி" என்று கும்பிட்டேன். அவரோ என் தோளைத் தட்டி, "குட், குட், தேங்க் யூ" என்று சிரித்தார். விபத்தான வண்டியின் நம்பருக்குப் பரிசு விழும் என்பது இங்கே நம்பிக்கை. அவர் நேராகப் போனது அரசாங்கமே நடத்தும் லாட்டரி நம்பர் கடைக்கு. அங்கே எப்போதும் சத்தமில்லாத வரிசை நிற்கும். அந்தக் காசு நல்ல காரியங்களுக்குப் போகிறது என்று எங்கள் சூப்பர்வைசர் பெருமையாகச் சொல்வார். எனக்கு எரிச்சல்தான் வரும்.

காரணம் என் அக்கா வீட்டுக்காரர். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் நெல் பயிரிட்டவர். ஏரிக்கரையில் காசு வைத்துச் சீட்டாடியவர்களைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியபோது, "நல்லா வேணும்" என்றவர். ஆனால் தினமும் சாயந்தரம் சைக்கிளில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் லாட்டரிச் சீட்டு வாங்குவார். "இதுவும் சூதுதான மாமா?" என்று ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன். சீட்டை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "இன்னா போட்டுகீது பாரு. கோபுரம். ரேஷன் கார்டுலயும் அதான் கீது. சர்க்கார் நம்மள ஏமாத்துமா மச்சான்?"

சீட்டிலேயே நிலத்தில் பாதி போனது. வாங்கியவர்கள் கல் நட்டு பிளாட் போட்டார்கள். அதன்பிறகுதான், குடும்பங்கள் அழிகின்றன என்று சொல்லி அரசாங்கம் லாட்டரியை நிறுத்தியது. அக்கா கோயிலில் கற்பூரம் ஏற்றினாள். கொஞ்ச நாளில் மதுக்கடைகளை அரசாங்கமே நடத்தத் தொடங்கியது. ஏழை வீட்டுக் காசைப் பிடுங்காமல் ஒரு அரசாங்கத்துக்கு நடக்கவே தெரியாதா? அங்கும் கேட்டேன், இங்கும் கேட்கிறேன், மனசுக்குள்ளேயே.

அக்காவிடம் சிரிப்பாகச் சொன்ன லாரிக் கதை மாமா காதுக்குப் போய்விட்டது. அடுத்த தடவை போனை அவரே எடுத்தார்.

"மச்சான், அங்க கவர்மெண்டே நடத்துதாமே? மீதி நெலத்துக்கு ஆள் கீறான். வித்து டப்பு அனுப்புறேன். பெருசா வாங்கு."

அந்த மீதி நிலம்தான் அக்கா வீட்டுச் சோறு.

"வாணாம் மாமா."

"இன்னா வாணாம்? அந்த லாரி நம்பரு வுழுந்துச்சா இல்லியா, அத்த சொல்லு."

"தெரியாது மாமா."

"அவ்ளோ தூரம் போயி இதுகூட தெரியாம புல்லா புடுங்கிகினு கீற?"

"ஆமா மாமா. அதான வேலை."

பக்கத்தில் அக்கா சிரித்துவிட்டாள். அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"நீங்க என்னை என்ன வேணா சொல்லுங்க. நான் வாங்க மாட்டேன். நெலத்த விக்காதீங்க" என்றேன். வாழ்க்கையில் அவரிடம் நான் மறுத்துப் பேசியது அன்றுதான்.

"நீ அந்த ஊர்க்காரனாவே ஆயிட்டடா" என்று போனை வைத்தார்.

அக்காவும் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். நிலம் இருக்கிறது. மாமா என்னோடு பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அக்காதான் எடுக்கிறாள். ஒரு காதில் அந்த வீட்டின் குக்கர் விசில், டிவி, அவருடைய இருமல். இன்னொரு காதில் எங்கள் பிளாக்கின் லிஃப்ட் கதவு திறந்து மூடும் சத்தம். "மாமா எங்க?" என்று கேட்கிறேன். அவள் பதில் சொல்வதற்குள் அவர் குரல் தெளிவாகக் கேட்கிறது.

"நான் வூட்ல இல்லன்னு சொல்லு."