சாயங்காலத்து அதட்டல்

மற்றக் குழந்தைகள் பேய்க்குப் பயப்படும் வயதில் நான் அம்மாவின் செல்போனுக்குப் பயந்தேன்.

அப்போது முத்தியால்பேட்டையில் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தோம். அப்பா சென்னைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வீட்டில் இருப்பார். அம்மா கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். அங்கே புதிதாக மேனேஜராக வந்த மேடம், அம்மாவைவிட வயதில் சின்னவர், அம்மா விருந்தாளிகளிடம் பேசுவதைக் கவனித்துவிட்டு இவரை ரிசப்ஷனில் போடலாம் என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி அரை மனதோடு தலையாட்டினார். மூன்று மாதம் பார்ப்பாராம். அதற்குள் ஒரு விருந்தாளி அம்மாவால் கோபித்துக்கொண்டு போனாலும் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். பழைய வேலைக்கு ஏற்கெனவே வேறு ஆள் போட்டாகிவிட்டது.

அதிலிருந்து போன் வரத் தொடங்கியது. அது மேடம் ஏற்படுத்திய வழக்கம். அம்மா குழம்பைக் கூட்டிவைக்கும் நேரமாகப் பார்த்து, முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் கூப்பிடுவார். எடுத்தால் மேடம் மேடமாகப் பேசமாட்டார், கோபக்கார விருந்தாளியாக மாறிக் கத்துவார். ஒருநாள் ஏசி ஓடவில்லை என்பார், இன்னொரு நாள் தலையணையில் முடி கிடந்தது என்பார். அம்மா அடுப்பைக் குறைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கவுண்டரில் நிற்பதுபோலவே நிமிர்ந்து நின்று பதில் சொல்லவேண்டும். எங்கள் சமையலறைக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

“உன்ன இன்னைக்கே வேலைய விட்டுத் தூக்கறேன், நான் யாருன்னு பாரு” என்று அந்தக் குரல் கத்தும்போது நான் காதைப் பொத்திக்கொள்வேன். நிஜமில்லை, சும்மா பழக்கிவிடுகிறார்கள் என்று அம்மா சொல்லித்தான் இருந்தாள். சும்மா என்றால் போனை வைத்தபிறகு அவள் முதுகில் ரவிக்கை ஏன் ஈரமாக இருந்தது? ஒருநாள் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். கேட்டதற்கு வெங்காயம் என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் ரசம்.

அப்பாவிடம் முறையிட்டேன். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார். பழமொழி சொன்னால் பிள்ளைகளுக்குப் பயம் போய்விடும் என்று அவருக்கு ஓர் எண்ணம். எனக்கோ போன் மணி அடித்தாலே கட்டிலுக்கடியில் போய் ஒளியத் தோன்றும். அந்தக் குரல் ஒருநாள் விளையாட்டை விட்டுவிட்டு நிஜமாகவே அம்மாவைத் துரத்திவிடும் என்று உறுதியாக நம்பினேன்.

அம்மா முதன்முதலாகத் தனியாக ரிசப்ஷனைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அப்பா சென்னையில் இருந்தார். வழக்கமாக என்னைப் பார்த்துக்கொள்ளும் மேல்வீட்டு அத்தை வீராம்பட்டினத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் அம்மா என்னையும் ஓட்டலுக்குக் கூட்டிப்போனாள். காலையிலிருந்தே விடாத மழை.

சோபாவில் ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து முந்திரி பிஸ்கட் கொடுத்து, எந்தக் கிளாஸ் படிக்கிறாய் என்று கேட்டார். குரலைக் கேட்டதும் கடித்த பிஸ்கட்டை அப்படியே கையில் வைத்துக்கொண்டேன். போனில் கத்துகிற அதே குரல். லீவு நாளில் மேடம் எதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்? அம்மா தப்புச் செய்வதைப் பிடிக்கத்தான் என்று நினைத்தேன்.

மத்தியானம், மனைவியோடும் வயதான அம்மாவோடும் சொட்டச்சொட்ட நனைந்துகொண்டு பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். அவர்களுக்கென்று வைத்திருந்த மாடி அறை மழையில் ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மா அதைச் சொன்னதும் அவர் கவுண்டரில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். முதலாளிக்குப் போன் போடப்போவதாகச் சத்தம் போட்டார். உடனே மேனேஜரைக் கூப்பிடு என்றார்.

அம்மா சோபாவைப் பார்த்தாள். மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

“இப்ப பொறுப்புல இருக்கறது நான்தான் சார். எங்கிட்ட சொல்லுங்க” என்றாள் அம்மா. “ஆன்ட்டி, எங்கம்மாவ திட்றாங்க, நீங்க போய்ச் சொல்லுங்க” என்று மேடத்தைக் கெஞ்சினேன்.

“நான் போமாட்டேன் பாப்பா. நீயும் போவக்கூடாது” என்று என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது. விடவே இல்லை.

அந்த ஆள் கத்தக் கத்த அம்மா சாரி சார், சாரி சார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு அவரை விட்டுவிட்டு முதலில் அந்த வயதான அம்மாளை உட்காரவைத்து, தலை துவட்ட டவல் கொடுத்தாள். ஓட்டல் பையனை அனுப்பிச் சூடாக டீ வாங்கிவரச் சொன்னாள். கீழே ஓர் அறை இப்போதுதான் காலியானது, அரைமணி நேரம் கொடுங்கள், வேண்டாமென்றால் பக்கத்து ஓட்டலில் நானே பேசி இடம் வாங்கித் தருகிறேன் என்றாள். அந்த அம்மாள் டீயைக் குடித்துவிட்டு, சும்மா இருடா என்று மகனை ஒரு வார்த்தை சொன்னார். அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். முதலாளிக்குப் போன் போகவில்லை.

அவர்கள் அறைக்குப் போனபிறகுதான் மேடம் என் கையை விட்டுவிட்டு எழுந்தார். பாராட்டப் போகிறார் என்று பார்த்தேன். “டவல் குடுத்தீங்க பாருங்க, அது சரிக்கா. ஆனா சாரியே ரொம்ப சொல்லிட்டீங்க, ஒரு தடவ போதும்” என்றார். அம்மா சிரித்தாள். இத்தனைக்குப் பிறகும் குறை சொல்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் அப்பா வந்ததும் மணிக்கட்டைக் காட்டி, அந்த ஆன்ட்டி என்னைக் கிள்ளிவிட்டார் என்று சொன்னேன். அந்த ஓட்டலின் மேனேஜராக அம்மா வந்த வருடம்கூட நான் மேடத்தை மன்னிக்கவில்லை.

இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் எனக்குக் கீழே ஒரு பெண் வேலை பழகுகிறாள். போன வாரம் முதல்முறையாக அவளைத் தனியாக வாடிக்கையாளரோடு வீடியோவில் பேசவிட்டேன். அந்த மனிதர் அவளைக் கேள்வி கேட்டுக் குடைந்தெடுத்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் மைக்கைத் திறக்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். திக்கித் திணறி அவளே சமாளித்தாள். முடிந்தபின் பார்த்தால் என் உள்ளங்கையில் என் நகமே பதிந்திருந்தது.

அன்று அந்த சோபாவில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.