துரை மூக்குக்கு ஒரு வெள்ளி டப்பா

திருவொற்றியூரில் ஒரு பழைய சாமான் கடை. கப்பலில் கழற்றிய பித்தளைக் குழாய்களுக்கு நடுவே ஒரு வெள்ளி டப்பா கிடக்கிறது. தீப்பெட்டியில் பாதிதான் இருக்கும். மூடியில் கொடி வேலைப்பாடு. திறந்தால் உள்ளே தங்க முலாம் பூசி, பூப்பூவாய்த் துளையிட்ட இன்னொரு மூடி. அதன் அடியில் பஞ்சு வைக்கும் இடம்.

கடைக்கார ஃபிலோமினா அக்காவுக்கு நான் பாடம் எடுக்கிறேன்.

"இது வாசனை டப்பாக்கா. வினிகரும் அத்தரும் ஊறின பஞ்சு இதுல இருக்கும். தெருவுல நாத்தம் வந்தா துரையும் துரைசானியும் எடுத்து மோந்துக்குவாங்க. அந்தக் காலத்துல இது கையில இருந்தாதான் கௌரவம்."

சொல்லி முடிப்பதற்குள் ஏதோ ஓர் ஆலையின் வாயு கடைக்குள் வந்து இறங்குகிறது. கண் எரிகிறது. டப்பாவைச் சட்டென்று மூக்கில் வைக்கிறேன். கௌரவமாகத்தான் இருக்கிறது, மூச்சுதான் முட்டுகிறது.

அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"பொல்யூஷன் ஆபீசருங்க வந்து மோந்து பாக்குற அன்னிக்கு மட்டும் இந்த நாத்தம் லீவு போட்டுரும் சார்."

டப்பாவை என்னிடமிருந்து வாங்கி, இரண்டு மூடியையும் திறந்து திறந்து மூடிப் பார்க்கிறாள்.

"இத்துனூண்டு டப்பாக்கே ரெண்டு மூடி போட்டுகீறான். ஆலையில அம்மாம் பெரிய புகைக்கூண்டு கீதே, அதுக்கு ஒரு மூடி போட எவனுக்கும் தோணலியா சார்?"