தொம்மை அண்ணாச்சி திருப்பி அனுப்பிய தண்ணீர் லாரி

தொம்மை அண்ணாச்சியின் எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்ததே இல்லை. நான்தான் அழைப்பேன்; அவர் எடுக்க மாட்டார். "போன்ல பேசினா செங்கல் தானா ஏறிப் போயி உக்காருமா தங்கச்சி?" என்பார். அதனால் அன்று காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் பெயர் போனில் தெரிந்ததும், எடுத்த எடுப்பிலேயே சண்டையை ஆரம்பித்தேன். "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு மழை கொட்டப் போவுதா? நீங்களா கூப்பிடுதீங்க!" என்றேன். ஆனால் கேட்டது அவர் மகள் சகாயராணியின் குரல். "அத்தை, அப்பா போயிட்டாங்க. தூக்கத்துலயே." மாவுக் கரண்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

இதைப் படிக்கிற கொத்தனார்களிலும் கம்பி கட்டுகிறவர்களிலும் பாதிப்பேர் என் மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள். உங்கள் கட்டிடத் தொழிலாளர் சங்க இதழுக்கு அண்ணாச்சியைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று வந்து சொன்னீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அவரோட அதிகமா சண்டை போட்டது நீங்கதானே அக்கா" என்றீர்கள். வாஸ்தவம். அந்தச் சண்டைகளைத்தான் எழுதப் போகிறேன்.

துறைமுகம் போகும் சாலையில் என் மெஸ் வாடகைக் கட்டிடத்தில் நடந்த காலம் அது. கட்டிடத்தை இடிக்கப் போகிறோம், காலி செய் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையூரணியில் எனக்கு ஒரு மனை இருந்தது. அவர் கொடுத்த கெடுவுக்குள் அங்கே கட்டிடம் எழும்பாவிட்டால் அடுப்பு அணைந்துவிடும். என்னோடு சமைக்கிற பெண்களுக்கும் வேறு பிழைப்பு கிடையாது. கான்ட்ராக்டர் தேட ஆரம்பித்தேன். வந்தவர்கள் எல்லாரும் தாங்கள் கட்டிய மாடி வீடுகளைப் போனில் தள்ளித் தள்ளிக் காட்டினார்கள். தொம்மை அண்ணாச்சி மட்டும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசனையுமாக வந்து, ஒரு படமும் காட்டாமல், மீன் குழம்புச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிட்டுச் சொன்னார். "வேம்பார்ல நான் கெட்டின வீடு ஒண்ணு இருக்கு. அதப் போயி பாத்துட்டு வா. பிறகு பேசுவோம்."

பஸ் பிடித்து வேம்பாருக்குப் போனேன். அந்த வீட்டு ரோசம்மா அக்கா என்னைக் கண்டதுமே, "தொம்மை அனுப்பினானா? ஏளா, உள்ள வா" என்று மாடிப்படிக்கு அடியிலிருந்து ஒரு பெரிய கான்கிரீட் துண்டை உருட்டிக்கொண்டு வந்தார். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பி துருவேறிப் பொரிந்து போயிருந்தது.

"எங்க வீட்டுக் கல்யாண அவசரம்னு கான்கிரீட்டுக்குப் பக்கத்துக் கிணத்துத் தண்ணியவே ஊத்திக் கலந்துட்டான். அது உப்புத் தண்ணி. நாலஞ்சு வருசத்துல கம்பி உள்ளயே துரு ஏறி உப்பிப் போச்சு. தொட்டில்லருந்து பிள்ளைய இப்பதான் தூக்கிருக்கேன், மேலருந்து இந்தத் துண்டு தொப்புனு விழுந்திச்சி" என்றார்.

"ஐயோ! பெறவு?"

"நான் பேசாத பேச்சில்ல. தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டே நின்னான். பெறவு தளத்த முழுசா இடிச்சிட்டு அவனே புதுசாப் போட்டுக் குடுத்தான். இந்தத் துண்டத் தூரப் போட்டுராதீங்க அக்கா, வீடு கெட்டணும்னு வாரவங்கள அனுப்புதேன், காட்டுங்கன்னு சொன்னான். அன்னைலருந்து எனக்கு இது ஒரு வேலை."

"அப்ப இவர்கிட்ட வேலைய குடுக்கலாமா, வேண்டாமா?"

"பாவிப்பய!" என்றார் ரோசம்மா அக்கா. "ஆனா வேற எவன்கிட்டயும் குடுத்துராத, ஏளா."

திரும்பி வந்து அண்ணாச்சியிடம், "எந்தக் கான்ட்ராக்டராவது தன் மானத்தத் தானே வாங்குவானா?" என்று கேட்டேன். "நல்லாக் கெட்டின வீட்டக் காட்டினா என் கெட்டிக்காரத்தனம் தெரியும். கெட்டுப்போன வீட்டக் காட்டினாத்தான் நான் எதுக்குப் பயப்படுதேன்னு தெரியும்" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. அன்றைக்கே வேலையைக் கொடுத்தேன்.

அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. வாய் நீளம். சிமெண்ட் மூட்டைக்கு நடுவிலும் சட்டையில் கறை படக் கூடாது. என் ரசத்தைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் எழுதினால் மெஸ்ஸை மூட வேண்டியதுதான். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கிற விதம் அவருடையது தனி. புதிதாக வருகிறவன் எப்படிச் சுவர் வைக்கிறான் என்று முதல் நாள் பார்க்கவே மாட்டார். சாயந்திரம் சாந்துச் சட்டியையும் கரண்டியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறானா என்றுதான் பார்ப்பார். "மறுநாள் வாரவன நெனச்சு வேல செய்யுதான்னா, அவன் கெட்டுத சுவரும் நிக்கும்" என்பார். ஒடிசாவிலிருந்து வந்த பையன்களுக்கும் அதே கணக்குதான். அவர்களிடம் அவர் பேசிய இந்தி அவருக்கும் விளங்காது, அவர்களுக்கும் விளங்காது. ஆனாலும் எல்லாரும் சிரித்துக்கொண்டே வேலை பார்த்தார்கள்.

சுவர் எழும்பி, மேலே தளம் போடுகிற நாள் வந்தது. அன்றைக்கு வேலைக்காரர்களுக்குக் கறிச்சோறு போடுவது வீட்டுக்காரர் கடமை. நானோ மெஸ்காரி, விடுவேனா? விடிந்ததும் பிரியாணிக்கு அடுப்பு மூட்டிவிட்டேன். மிக்சர் மெஷினுக்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்தோம். அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொண்டார். வழக்கமாக வருகிற தண்ணீர் லாரி பழுதாகி வேறொரு லாரி வந்து நின்றது. அண்ணாச்சி ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"சமையல்காரி நீ. சொல்லு, எப்படி இருக்கு?"

நாக்கில் பட்டதுமே தெரிந்தது. உப்பளத்துப் பக்கத்துக் கிணறு. "உப்பாத்தான் இருக்கு. அதுக்கு நான் என்ன செய்ய?" என்று கத்தினேன். நல்ல தண்ணீருக்கு லாரிகள் வரிசையில் காத்துக் கிடந்த கோடை அது. இன்றைக்கு விட்டால் இந்த ஆட்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். மாதக் கடைசியில் நான் காலி செய்தாக வேண்டும். "இன்னைக்கே போடுங்க. என் கட்டிடம், நான் சொல்லுதேன்" என்றேன்.

"குழம்புல உப்பு கூடினா வேற குழம்பு வைப்ப. தளத்துல கூடினா என்னத்த வைப்ப?" என்று கேட்டுவிட்டு டிரைவரைப் பார்த்து, "ஏலே, வண்டியத் திருப்பு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இனி என் முகத்தில் விழிக்காதீர்கள் என்றேன். அவர் காதில் வாங்காமல் ஆட்களைக் கூப்பிட்டு, "பிரியாணி என்ன பாவம் செஞ்சிச்சி? உக்காருங்கலே" என்று பந்தி வைத்துவிட்டார். செய்யாத வேலைக்குக் கறிச்சோறு பரிமாறியவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

மறுநாள் காலை அவருடைய வேன் வந்து நின்றது. தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்கிற சென்ட்ரிங் பலகைகள் அடுக்கி வைத்திருந்த தன் கொட்டகையைக் காலி செய்துவிட்டு வந்திருந்தார். "அடுப்பத் தூக்கு. கெட்டிடம் முடியுத வரைக்கும் அங்கன வச்சு நடத்து" என்றார். பலகைகள் எல்லாம் அவர் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. நல்ல தண்ணீர் கிடைத்துத் தளம் போட்டுக் கட்டிடம் முடிய மழைக்காலம் ஆகிவிட்டது; அதுவரை என் மெஸ் அந்தக் கொட்டகையில்தான் நடந்தது. பலகைகளுக்குப் பூசுகிற டீசலின் வாசனைக்கு நடுவிலும் ஒரு வாடிக்கையாளர்கூட என்னை விட்டுப் போகவில்லை. அண்ணாச்சி தினமும் மதியம் வந்து முதல் பந்தியில் உட்கார்ந்து ரசத்தைத் திட்டிவிட்டு இரண்டாம் முறையும் வாங்கிக் குடிப்பார்.

அந்தக் கட்டிடத்துக்கு மேலே, வெளியூரிலிருந்து வந்து என்னிடம் வேலை செய்யும் பெண்கள் தங்க ஒரு மாடி எடுக்கலாம் என்று இந்த வருடம் ஆரம்பித்தோம். கம்பி கட்டி முடித்த நிலையில்தான் அவர் போய்விட்டார். வேலை நின்றுபோகும் என்று நினைத்தேன். அடக்கம் முடிந்த அடுத்த வாரமே அவர் மகள் சகாயம் வந்து நின்றாள். அப்பாவோடு சைட்டில் நின்றே தொழில் பழகியவள் அவள். "கம்பி கடல் காத்துல கெடக்கு அத்தை. துரு ஏறிச்சுன்னா அப்பா என்னய சும்மா விடமாட்டாங்க" என்றாள்.

தளம் போடுகிற நாளில் நான் மறுபடியும் பிரியாணி வைத்தேன். தண்ணீர் லாரி வந்தது. யாரும் நகரவில்லை. குடித்துப் பார்க்க வேண்டியவர் இல்லை. சகாயமும் குனிந்தபடி நின்றாள். நான் டம்ளரை எடுத்துப் பிடித்தேன். ஒரு வாய் குடித்தேன்.

"உப்பு" என்றேன். "ஏலே, வண்டியத் திருப்பு."

"அக்கா, சத்தியமா நல்ல தண்ணி!" என்று பதறினார் டிரைவர்.

சகாயம் என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் பிடித்துக் குடித்தாள். என்னைப் பார்த்தாள். "அத்தை, தண்ணி நல்லாத்தான் இருக்கு. மொதல்ல மூஞ்சியத் தொடைங்க" என்றாள்.

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். வாய் வரைக்கும் நனைந்திருந்தது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள், நானும்தான். சகாயம் சிலுவை போட்டுக்கொண்டு மெஷினை ஓட்டச் சொன்னாள். சாயந்திரத்துக்குள் தளம் முடிந்தது. எல்லாச் சட்டியும் கழுவிக் கவிழ்த்திருந்தது.

இப்போது அவள் தனியாக வேலை எடுக்கிறாள். வீடு கட்டக் கேட்டு வருகிறவர்களை வேம்பாருக்கு அனுப்புகிறாள். ரோசம்மா அக்கா இன்னும் அந்தத் துண்டை உருட்டிக்கொண்டு வருகிறார். தளம் போடுகிற காலைகளில் என்னைக் கூப்பிட ஆள் வரும். அண்ணாச்சி எனக்கு விட்டுப்போன வேலை அது. அடுப்பை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு டம்ளரோடு போகிறேன். போனதும் முதலில் முகத்தைத் துடைத்துக்கொள்கிறேன். பிறகுதான் தண்ணீரை வாயில் வைக்கிறேன்.