பலெர்மோ மலைக்கு வைத்த நேர்த்தி

இத்தாலியில் பலெர்மோவுக்குப் போய் வந்தோம் என்றால் ஆட்கள் கடலைப் பற்றியும் பழைய தேவாலயங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். நான் அங்கே பார்த்தது பெரும்பாலும் தமிழ் வீடுகளின் சோபாக்கள். நாலு நாளில் எட்டு சோபா. எந்த வீட்டுச் சோபாவில் இருந்தால் இடுப்புப் பிடிக்கும் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

இந்த வயதில் பறப்பதே ஒரு தண்டனை. கனடாவில் வோபர்னிலிருந்து விமான நிலையம், ரோமில் ஐந்து மணித்தியாலம் கதிரையில், பிறகு ஒரு சின்ன விமானம், பிறகு நகரத்துக்குப் பஸ். பஸ் கடலோரமாகப் போனதாம். நான் நித்திரை. மனைவி இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

போனது ஒரு நேர்த்திக்கடனுக்காக. சில வருடங்களுக்கு முன் நுரையீரலில் கிருமி ஏறி, ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயோடு இரண்டு கிழமை கிடந்தேன். பலெர்மோவில் இருக்கும் அவளுடைய அண்ணனின் மனைவி அப்போது அந்த ஊர் மலைக்கு வெறுங்காலோடு ஏறினார். குகைக்குள் இருக்கும் புனிதையிடம், ஆள் பிழைத்தால் இரண்டு பேரும் நடந்தே வந்து கும்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அங்குள்ள எங்கள் ஆட்களுக்கு அது வழக்கம். சைவம், கிறிஸ்தவம் என்று பார்ப்பதில்லை. நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. ஆனால் பிழைத்துவிட்டேன், ஆகவே வாய் திறக்க வழியில்லை. இதற்கிடையில் அவளுடைய முழங்கால் கெட்டுக்கொண்டே வந்தது. சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். இப்போது ஏறாவிட்டால் இனி இல்லை என்றாள்.

முதல் நாளே ஏறியிருக்க வேண்டும். பிழை என்னுடையது. நாங்கள் தங்கியிருந்த மச்சான் வீட்டுக்கு எங்களைப் பார்க்க வந்த ஊரவர் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். ஓம் என்றேன். ஒரு வீட்டில் கை நனைத்தால் பிறகு தப்ப முடியாது. கனடாவிலிருந்து வந்தவர்கள் அங்கே போனார்கள், இங்கே வரவில்லை என்று கதை கிளம்பும். அடுத்த வீட்டுக்கும் ஓம், அதற்கடுத்த வீட்டுக்கும் ஓம். எல்லா வீட்டிலும் கணவாய்க் கறி, எல்லா வீட்டிலும் கனடாக் குளிர் பற்றிய கேள்வி. சாப்பிட்டுச் சாய்ந்து, தேத்தண்ணி குடித்து எழும்ப, வெயில் போயிருக்கும். ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்துகொண்டே இருந்தது. அவள் அதைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு எனக்குக் கோபம் வந்தது. அது வெட்கம் என்று அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

நாங்கள் போன வீடுகள் எல்லாம் மூன்றாம் மாடி, நாலாம் மாடி. ஒன்றிலும் லிப்ட் இல்லை. நாலாம் நாள் பின்னேரம் அவள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கினாள். முழங்கால் வீங்கியிருந்தது. மலைக்கென்று வைத்திருந்த கால்பலத்தை மற்றவர்களின் மாடிப்படிகளில் செலவழித்துவிட்டோம்.

கடைசி நாள் ஒரு வீட்டுச் சாப்பாட்டை மறுத்தேன். அந்த வீட்டுக்காரர் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. மச்சான் காலையில் மலையடியில் கொண்டுபோய் விட்டார். காரிலேயே மேலே போகலாம் என்று அவர் சொன்னதற்கு அவள் சம்மதிக்கவில்லை. கல் பதித்த பழைய பாதை, வளைந்து வளைந்து ஏறுகிறது. இரண்டாம் வளைவில் அவள் பாதையோர மதிலில் இருந்துவிட்டாள். கொஞ்சம் பொறுத்து எழும்பிப் பார்த்தாள், முடியவில்லை. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் இதில இருக்கிறன். நீங்கள் போங்கோ. ஏறிப் போய் நிண்டாலே போதும். உங்களுக்கு மூச்சு வாங்கிறதைக் குகைக்குள்ள இருக்கிற அவவே பாக்கட்டும்."

ஏறினேன். எத்தனை தரம் நின்றேன் என்று தெரியாது. குகைக்குள் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஆட்களின் தலையில் விழாமல் கூரையில் வைப்பது போலத் தகரப் பீலி வைத்து ஏந்தியிருக்கிறார்கள். அதன் கீழே நின்று மூச்சு வாங்கினேன். பிறகு, பக்கத்தில் ஒருவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தமிழில் சொன்னேன். அவள் கீழே மதிலில் இருக்கிறாள், வராதது அவள் பிழை இல்லை, நான் எல்லாருக்கும் ஓம் சொன்ன பிழை என்றேன். அத்தோடு திரும்பியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. முழங்காலைச் சரியாக்கித் தந்தால் அவளை நடத்தியே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

கீழே வந்ததும் சொன்னீங்களோ என்று கேட்டாள். ஓம் என்றேன். என்ன சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை.

போன கிழமை சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. அவள் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். பயப்படுகிறாள் என்று தெரிந்தது. இனி விமானமே ஏறமாட்டேன் என்று எங்கள் பக்கத்தில் பிக்கரிங் முதல் ஒஷாவா வரை சொல்லித் திரிந்தவன் நான். கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தேன்.

"அடுத்த முறை ஒரு வீட்டுக்கும் போறேல்ல," என்றேன். "இறங்கின உடன நேரா மலைக்கு. நான் குகையில சொல்லிப்போட்டு வந்தனான்."